பொனிப்பாஸ் வகுப்புப் போர்க்கப்பல்கள்

பொனிப்பாஸ் வகுப்பில் மொத்தம் நாலு கப்பல்கள்தான் கட்டப்பட்டன, நாலும் ஈச்சந்துறைக் கடற்கரையில், ஐஸ் கம்பெனிக்குத் தெற்கே வலை காயப்போடுகிற மணலில் கட்டப்பட்டன, நாலும் ஆகாயத்துக்கு ஏறிப் போய்ச் சண்டை போட்டன, நாலும் உருப்படியாகத் திரும்பி வந்தன, ஆனாலும் அவை ஜெயித்ததாக அந்த ஊரில் யாரும் சொல்வதில்லை. நம்பாதவர்கள் நம்பாமல் போகட்டும், அதனால் யார் குடியும் முழுகிவிடாது. மரத்தில் செய்த கப்பல் எப்படி ஐயா ஆகாயத்தில் போகும் என்று கேட்டுக்கொண்டு மட்டும் யாரும் வரவேண்டாம். தண்ணீர் ஏறின வழியில் கப்பல் ஏறியது, அவ்வளவுதான்.

தண்ணீர் ஏறினது நெத்திலி கூட்டம் கூட்டமாக வந்த ஒரு வெள்ளிக்கிழமை. ஊரின் வள்ளங்கள் எல்லாம் கரையிலிருந்து கண்ணுக்கு எட்டுகிற தூரத்தில்தான் நின்றன. உச்சிவெயில் நேரத்தில் ஆகாயத்திலிருந்து ஒரு வலை இறங்கியது. கண்ணி நெருக்கமான, ஈயக்குண்டு கட்டின, நல்ல வலை. வலை பின்னுகிற பெண்கள் இன்றைக்கும் அதில் ஒரு குறை சொல்ல மாட்டார்கள். அது கடலுக்குள் இறங்கி, நெத்திலியையும் வள்ளங்களையும் வள்ளத்தில் நின்ற ஆண்களையும் தண்ணீரோடு சேர்த்து வாரிக்கொண்டு மேலே போயிற்று. போன வேகத்தில் கடலும் கூடவே எழுந்தது. அடி கடலிலும் தலை மேகத்துக்குள்ளும் இருக்க, பச்சை நிறத்தில் ஒரு சரிவாக எழுந்து நின்ற அந்தத் தண்ணீர், வலை மறைந்த பிறகும் திரும்ப உட்காரவில்லை.

மூன்றாம் நாள் விடியும்போது அந்தச் சரிவில் வழுக்கிக்கொண்டு எல்லாம் திரும்பி வந்தன, நெத்திலியைத் தவிர. பாசி வந்தது, சிப்பி வந்தது, யாரும் தின்னாத பேத்தை மீன் வந்தது, உடைந்த பலகை வந்தது, அதற்கெல்லாம் நடுவில் அன்றைக்குக் கடலுக்குப் போயிருந்த ஈச்சந்துறை ஆண்கள் வந்தார்கள், ஒருவர்கூட மூச்சோடு இல்லை. விசைப்படகுக்காரர்கள் நல்ல மீனைப் பெட்டியில் போட்டுக்கொண்டு, விலை போகாததைக் கழிசல் என்று திரும்பக் கடலில் தள்ளிவிடுவார்கள் அல்லவா, மேலே இருந்தவனும் அதைத்தான் செய்திருந்தான்.

ஊர் அழுது முடித்து, கல்லறைத் தோட்டத்தில் இடம் போதாமல் சுவரைத் தள்ளிக் கட்டி, பிறகு மெல்ல மெல்லச் சரிவோடு வாழப் பழகிக்கொண்டது. பிள்ளைகள் அதில் ஏறி வழுக்கினார்கள். சாயங்காலத்தில் அதன் நிழல் பள்ளிக்கூடம் வரைக்கும் விழுந்ததால் அந்தப் பக்கத்து வகுப்புகளில் சீக்கிரமே விளக்குப் போட்டார்கள். டிவிக்காரர்கள் வந்து நனைந்துவிட்டுப் போனார்கள். மீன்வளத்துறையிலிருந்து வந்த அதிகாரி, சரிவுக்கு மேலே போய்ப் பிடிக்கிற மீனுக்கு டீசல் மானியம் உண்டா இல்லையா என்று மேலிடத்தில் கேட்டுச் சொல்வதாகப் போனவர் போனவர்தான்.

பழகிக்கொள்ளாதவள் கித்தேரி ஒருத்திதான்.

கித்தேரி அந்தக் கரையில் மீன் ஏலம் கூறுகிறவள். அவள் ஏலம் கூறினால் அடுத்த ஊர் வியாபாரிக்கும் காது கேட்கும் என்பார்கள். அவள் கோபப்பட்டால் அதற்கும் அடுத்த ஊருக்குக் கேட்கும். அவள் புருசன்தான் பொனிப்பாஸ். நெட்டையான ஆள், அதிகம் பேசமாட்டான், பொண்டாட்டி கத்துகிறபோது தலையைச் சொறிந்துகொண்டு சிரிப்பான். அவனை அவள் கண்டெடுத்தபோது அவன் ஒரு பேத்தை மீனுக்கும் அழுகின சாக்குக்கும் நடுவில் கிடந்தான். அவள் மாரில் அடித்துக்கொள்ளவில்லை. குனிந்து அவன் காதில் ஒட்டியிருந்த பாசியை எடுத்துப் போட்டாள், அப்புறம் நிமிர்ந்து சரிவின் உச்சியைப் பார்த்து, ஏலக் குரலில் கேட்டாள்.

“கழிசலா எம் புருசன்? ஏலே, ஒனக்குக் கழிசலா இவன்?”

அந்தக் கேள்விக்குப் பதில் கொண்டுவருவதற்காகத்தான் பொனிப்பாஸ் வகுப்பு உண்டாயிற்று. அடக்கம் முடிந்த கையோடு கித்தேரி, கஸ்பார் ஓடாவி வீட்டு வாசலில் போய் நின்றாள். ஓடாவி என்றால் கப்பல் கட்டுகிற தச்சன். கஸ்பாருக்கும் அந்த வலையில் இரண்டு மைத்துனர்கள் போயிருந்தார்கள்.

“ஓடாவியண்ணே, எனக்குக் கப்பல் வேணும். சரக்கு ஏத்துததுக்கு இல்ல, மீன் பிடிக்கதுக்கும் இல்ல. மேல ஏறிப் போயி, அந்த வலையப் போட்டவன வெட்டிப் போட்டுட்டு வாரதுக்கு.”

“நான் சண்டைக் கப்பல் கட்டினதே இல்லையே, கித்தேரி.”

“நானும்தான் தாலி அறுத்ததே இல்ல. இப்ப அறுக்கலையா?”

கஸ்பார் மரம் பார்க்கக் கிளம்பினான். ஏரா போட்டான், அதாவது கப்பலின் அடிமரம். அயினிப் பலகை, கப்பலுக்கு விலா எலும்பு மாதிரி வாகை வங்குக்கால், இடுக்குக்குப் பஞ்சும் குங்கிலியமும், மேலே சுறா எண்ணெய் மூன்று பூச்சு. செத்தவர்கள் வீடுகளில் மிச்சமிருந்த பழைய படகுப் பாய்களை ஒட்டுப்போட்டு ஒரு பெரிய பாய். ஆயுதத்துக்கு ஊர் தோட்டாக்காரர்களைக் கூப்பிட்டது. கடலில் தோட்டா வெடித்து மீன் பிடிக்கக்கூடாது என்று ஊர் கட்டுப்பாடு இருந்தும் கேளாமல் வெடித்து, கோவில் வாசலில் முட்டிபோட்டு நின்று பழக்கப்பட்ட அந்த இளவட்டங்கள், இப்போது மீசையைத் தடவிக்கொண்டு கப்பலின் பீரங்கிப் படை ஆனார்கள். நகரத்திலிருந்து கேள்விப்பட்டு வந்த கடற்படை அதிகாரி ஒருவர் நல்ல மனுசர், குடை பிடித்துக்கொண்டு சுற்றிப் பார்த்துவிட்டு, போர்க்கப்பல் என்றால் முதல் கப்பலின் பெயரை வகுப்புக்கு வைப்பது உலக வழக்கம் என்று சொன்னார். முதல் கப்பலுக்குப் பொனிப்பாஸ் என்று ஏற்கெனவே எழுதியாகிவிட்டது. கப்பலின் கனம் என்ன என்று கேட்டார். இழுத்துத் தள்ள ஊர் மொத்தமும் வேணும் என்று கஸ்பார் சொன்னான்.

வடிவமைப்பில் ஒரே ஒரு தகராறுதான் வந்தது. ஈச்சந்துறையில் எந்த வள்ளம் கட்டினாலும், கடையால் என்கிற பின்பக்கத்தில், இடது கையோரமாக, விளிம்பை ஒரு சாண் தாழ்த்திக் கட்டுவார்கள். கடலில் விழுந்து கிடக்கிறவனை அந்த இடத்தில்தான் அக்குளில் கை கொடுத்து மேலே ஏற்றுவார்கள். அதற்கு ஆளேத்தி என்று பெயர். அது இல்லாத வள்ளத்தில் அந்த ஊர்க்காரன் ஏறமாட்டான். தண்ணீரில் கிடப்பவன் யாராயிருந்தாலும், முதலில் பார்த்த வள்ளம் ஏற்றியே ஆகவேண்டும். ஏற்றினவன் வீட்டுப் பானையில் அவன் சோறு தின்னவேண்டும். தின்றபின் அவனை யாரும் தொடக்கூடாது, அவனும் அந்த வீட்டைத் தாண்டிப் போகக்கூடாது. அவன் தேறிவிட்டான் என்று தோன்றுகிற நாளில் வீட்டுக்காரி ‘நட’ என்று சொல்லவேண்டும், சொன்னால் போகலாம். கொலைகாரனுக்கும் இதுதான் சட்டம், போலீசுக்காரனுக்கும் இதுதான் சட்டம். ஏன் என்று யாரும் கேட்டதில்லை, கடலில் விழாத குடும்பம் அங்கே கிடையாது.

பொனிப்பாஸ் கப்பலில் கஸ்பார் ஆளேத்தி வைத்துவிட்டான். சண்டைக் கப்பல் ஆயிற்றே என்று அவன் கைக்குத் தோன்றவே இல்லை. எண்ணெய் பூசுகிற அன்றைக்குத்தான் கித்தேரி பார்த்தாள்.

“இது எதுக்கு?”

“எதுக்குன்னா? ஆளேத்தி.”

“யார ஏத்த?”

கஸ்பார் காதில் செருகின பென்சிலை எடுத்துப் பார்த்தான், திரும்பச் செருகினான். “இனி மாத்தினா ஒரு மாசம் ஆவும்,” என்றான். ஒரு மாதம் பொறுக்க அவளால் ஆகாது. அப்படியே தள்ளச் சொன்னாள்.

பங்குச் சாமியார் தண்ணீர் தெளித்தார், ஊர் மொத்தமும் இழுத்தது, பொனிப்பாஸ் சரிவில் ஏறி மேகத்துக்குள் போய் மறைந்தது. மேலே இருப்பதும் கடல்தானாம், கறுப்புக் கடல், அலை கிடையாது, அடியில் நட்சத்திரம் கிடக்கும், நாக்கில் வைத்தால் நம்ம கடலைவிட உப்புக் கொஞ்சம் கம்மி. உச்சிக்கடல் என்று பேர் வைத்தார்கள். அங்கே உச்சிக்காரர்களின் வலைக்கப்பல் ஒன்று நின்றது. தோட்டா இளவட்டங்கள் குறி தப்பவில்லை. கப்பல் இரண்டாகப் பிளந்து மூழ்கின சத்தம் கீழே ஊருக்கு இடிச் சத்தமாகக் கேட்டது, கித்தேரி கரையில் நின்று இரண்டு கையையும் உயர்த்திக் குலவை போட்டாள். அன்றைக்குத்தான் அவளுக்கு முதல்முதலாகச் சோறு இறங்கியது.

மறுநாள் பொனிப்பாஸ் திரும்பி வந்தது. உள்ளே ஒரு கும்பல் உச்சிக்காரர்கள் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். குட்டையாக, சாம்பல் நிறமாக, கண்ணுக்கு இமை இல்லாமல், மேலெல்லாம் மழை வாசனையோடு.

“என்னலே இது?” என்றாள் கித்தேரி.

கப்பல் தலைவனைத் தண்டல் என்பார்கள். முதல் கப்பலுக்குத் தண்டலாகப் போனவன் ரஞ்சிதம் மகன் தொபியாஸ், ஊரிலேயே முரட்டுப் பயல். அவன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டான்.

“வெடிச்சோம், மயினி. நல்லாத்தான் வெடிச்சோம். தண்ணில விழுந்து கையத் தூக்கினானுவ.”

“தூக்கினா?”

“தூக்கினா என்ன செய்ய மயினி? ஏத்திட்டோம்.”

கித்தேரி வீட்டுக்கு ஓடி அரிவாள்மனையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ஆனால் அவள் வருவதற்குள் ஒவ்வொரு படகாளியின் வீட்டிலும் கஞ்சி ஊற்றியாகிவிட்டது. தொபியாஸின் தாய் ரஞ்சிதம், புருசனை அதே வலையில் பறிகொடுத்தவள், வாசலை மறித்து நின்றாள். “உள்ள வராத, கித்தேரி. தின்னுட்டான்,” என்று சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. “எனக்கு மட்டும் ஆசையாட்டி இவனுக்குக் கஞ்சி ஊத்த? கருவாட்டுத் துண்ட வேணும்னே முள்ளோட வச்சேன். அந்தப் பாவி முள்ளையும் சேத்துல்லா முழுங்குதான்.”

இரண்டாவது கப்பலுக்குப் பெலவேந்திரன் என்று பெயர், கித்தேரியின் தம்பி பெயர் அது, அவனும் வலையில் போனவன். அது முதல் கப்பலைவிட நீளம், தோட்டா வைக்க இரண்டு அறை, விளிம்பு சுற்றிலும் ஒரே உயரம், ஆளேத்தி கிடையாது. கித்தேரி நாள் தவறாமல் வந்து விளிம்பைக் கையால் தடவிப் பார்த்தாள். அந்தக் கப்பல் இரண்டு வலைக்கப்பல்களை மூழ்கடித்துவிட்டு, முன்னைக்கு இரண்டு மடங்கு உச்சிக்காரர்களோடு வந்து சேர்ந்தது. படகாளிகள் பாயைக் கழற்றித் தண்ணீரில் விரித்து, தொட்டில் மாதிரி கட்டி ஏற்றியிருந்தார்கள். பாய் கிழிந்து நாசம்.

“ஆம்பிளைய நம்பினா இப்படித்தான்,” என்று கித்தேரி மூன்றாவது கப்பலில் பெண்களை மட்டும் ஏற்றினாள். தாலி அறுத்தவர்கள், அண்ணன் தம்பியைப் புதைத்தவர்கள், கல்லறை மண்ணைக் கையில் எடுத்து ஒருத்தனையும் விடமாட்டோம் என்று சத்தியம் செய்தவர்கள். ரஞ்சிதம்தான் தண்டல். அந்தக் கப்பல் வேகமானது, கடுமையானது, உச்சிக்கடலில் அதன் பாய் தெரிந்தாலே வலைகளை அறுத்துப் போட்டுவிட்டு ஓடினார்களாம். அது திரும்பி வந்தபோது உட்கார இடமில்லாமல் உச்சிக்காரர்கள் பாய்மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பெண்கள் கித்தேரியின் முகத்தைப் பார்க்காமல் ஒவ்வொருத்தியாகப் பக்கவாட்டில் இறங்கி வீட்டுக்கு நழுவினார்கள்.

“துப்புக்கெட்ட சிறுக்கியளா!” என்று கித்தேரி மணலை வாரி வாரி இறைத்தாள். “எல்லாத்துக்கும் ஒண்ணுபோல எரக்கம் பொத்துக்கிட்டு வருதோ?”

“எரக்கமா?” ரஞ்சிதம் திரும்பி நின்று சீறினாள். “எரக்கமும் இல்ல, ஒரு எழவும் இல்ல. கை தன்னால போவுது, கித்தேரி. நீ போயிப் பாரு, அப்பத் தெரியும்.”

இப்படியாக ஈச்சந்துறை உச்சிக்காரர்களால் நிறைந்தது. இமை இல்லாததால் முகத்தில் துண்டு போட்டுக்கொண்டு தூங்கினார்கள். பசிக்குது என்பதுதான் அவர்கள் கற்ற முதல் பேச்சு, குழம்பு என்பது இரண்டாவது. தேறின பிறகு பெண்கள் நட என்றார்கள். பாதிப் பேர் சரிவில் ஏறிப் போனார்கள், மீதிப் பேர் போகாமல் ஐஸ் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார்கள், குளிர் அவர்களுக்கு உறைக்காது. ஒருவன் கோவில் பாடகர் குழுவில் அடித்தொண்டையில் பாடினான், அவனுக்காகவே பக்கத்துப் பங்கிலிருந்து பூசைக்கு ஆள் வந்தது. ரேஷன் கடைக்காரர் ஆகாயத்து ஆளுக்கு மண்ணெண்ணெய் கிடையாது என்று கொஞ்ச நாள் முறைத்துவிட்டு, அப்புறம் விட்டுவிட்டார்.

ஐஸ் கம்பெனியில் வேலை பார்த்த ஒரு உச்சிக்காரன்தான், யாரோ டீ வாங்கிக் கொடுத்தபோது, அந்த வெள்ளிக்கிழமை வலையைப் போடச் சொன்னவன் யார் என்று சொன்னான். அவர்களில் பெரிய தண்டல் ஒருவன் இருந்தான், இடது காது அறுந்தவன். வலையைக் கொட்டினபோது உள்ளே அசைகிறது, உயிர் இருக்கிறது என்று படகாளிகள் சொன்னார்களாம். விலை போகாது, தள்ளு என்றானாம். அசைகிறது என்ற சொல் கித்தேரியின் காதுக்கு வந்து சேர்ந்தது. அதுவரைக்கும் அவள் பொனிப்பாஸ் மேலே போகிற வழியிலேயே செத்திருப்பான் என்று நினைத்திருந்தாள்.

அவள் கஸ்பாரின் வாசலில் போய் நின்றாள். கஸ்பார் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு உளியை எடுத்தான்.

நாலாவது கப்பல் சின்னது, இரண்டு பேர் போதும். பாய்க்கு மாற்றுப் பாய் இல்லை, கயிற்றில் மிச்சக் கயிறு இல்லை, விளிம்பு ஆள் உயரம், வெளிப்பக்கம் முழுக்க சுறா எண்ணெய் பூசி வழுவழுவென்று இருந்தது, பல்லிகூட ஏற முடியாது. உச்சிக்காரர்களை ஏற்ற வழியே இல்லாமல் ஒரு கப்பலைக் கட்டிவிட்டார்கள். கித்தேரியும் கஸ்பாரும் ஏறினார்கள். எவனையும் ஏற்றமாட்டேன் என்று கஸ்பார் தன் கைகளை வேட்டி முனையால் தானே கட்டிக்கொண்டான், சுக்கானைக் காலால் பிடித்தான்.

தேடித் தேடிப் போய், அந்தக் காதறுந்தவனின் கப்பலைக் கண்டுபிடித்து, கித்தேரி தன் கையாலேயே தோட்டாவைக் கொளுத்திப் போட்டாள். கப்பல் போயிற்று. மற்றவர்கள் பலகையைப் பிடித்துக்கொண்டு மிதந்தார்கள், அவனுக்குப் பலகை கிடைக்கவில்லை. மூழ்கி எழுந்து மூழ்கி எழுந்து, கப்பலின் பக்கத்தில் வந்து, வழுக்குகிற பலகையை விரலால் பிறாண்டினான். அப்புறம் கையைத் தூக்கினான்.

கித்தேரி விளிம்பில் ஏறிக் கவிழ்ந்து படுத்து அவனைப் பார்த்தாள். எத்தனையோ நாளாக ஆசைப்பட்ட காட்சி. அவன் வாய் திறந்து மூடுவதை, காதுப் பொத்தலில் தண்ணீர் போவதை, பலம் குறைவதை எல்லாம் அணு அணுவாகப் பார்த்தாள். இன்னும் கொஞ்சம் பொறுத்தால் முடிந்துவிடும். முடிந்துவிடும் என்று நினைத்தபோதுதான் அவளுக்கு ஆத்திரம் வந்தது. இவ்வளவுதானா? இவன் ஒரு நொடியில் முடிந்துபோவான், நான் மட்டும் வீட்டுக்குப் போய்த் தினம் தினம் இரண்டு தட்டு எடுத்து ஒன்றைத் திரும்ப வைக்க வேண்டுமா?

விளிம்புக்கு வெளியே பாதி உடம்பைத் தொங்கவிட்டு, அவன் மணிக்கட்டைப் பிடித்து, தோள்பட்டை கழன்றுவிடுகிற வலியோடு அவனை இழுத்து மேலே போட்டாள்.

“கித்தேரி!” என்று கஸ்பார் நம்ப முடியாமல் கத்தினான். “நீயுமா மனசு எரங்கிட்ட?”

“நானா?” அவளுக்கு மூச்சு வாங்கியது. “செத்தா ஒரு நிமிசம், ஓடாவியண்ணே. எம் பானையில சோறு தின்னான்னா, நான் நடன்னு சொல்லுத வரைக்கும் வாசலத் தாண்ட முடியாதுல்லா? சொல்லுவேனா நான்?”

அவள் சொல்லவில்லை. காதறுந்தவனைப் பொனிப்பாஸ் உட்காருகிற இடத்தில் உட்காரவைத்து, பொனிப்பாஸின் தட்டில் சோறு போட்டாள். தினம் மூன்று வேளை. குறை வைக்கவில்லை, சாளை, விளமீன், ஞாயிற்றுக்கிழமை நண்டு. அவன் தின்னத் தின்ன எதிரில் உட்கார்ந்து, எம் புருசன் நண்டுக் காலைப் பல்லால் உடைக்கமாட்டான், அம்மிக்கல்லில் வைத்துத் தட்டுவான் என்றும், சட்டைக்குப் பொத்தான் போடாமலே கோவிலுக்கு வந்து நிற்பான் என்றும், ஒன்று விடாமல் சொன்னாள். அவன் ஊர்ப் பேச்சைக் கற்றுக்கொண்டதே பொனிப்பாஸைப் பற்றிக் கேட்டுக் கேட்டுத்தான். செத்த மற்றவர்களின் வீட்டிலிருந்தும் பெண்கள் வந்தார்கள், ஆளுக்கொரு குழம்பு கொண்டுவந்து ஊற்றி, தங்கள் ஆளைப் பற்றிச் சொல்லிவிட்டுப் போனார்கள். கண்ணை மூட அவனுக்கு இமை கிடையாது. துண்டைப் போட்டால் கித்தேரி உருவிவிடுவாள்.

“நான் தேறிட்டேன்,” என்பான் அவன். “நடக்கட்டா?”

“இன்னும் ரெண்டு வாய் தின்னு.”

நாளாக ஆக ஊருக்கு அது உறுத்தியது. அவன் வாசற்படியில் கால் வைக்காமல் உட்கார்ந்து சரிவையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டு, கடந்து போகிறவர்கள் தலையைத் திருப்பிக்கொண்டார்கள். பங்குச் சாமியார் வந்து பார்த்தார்.

“போதுமே, கித்தேரி. ஆண்டவரும் மன்னிச்சார்.”

“ஆண்டவருக்குப் புருசன் செத்தானா, சாமி?” என்றாள் அவள். “நான் அவன அடிச்சேனா, வஞ்சேனா? சோறுல்லா போடுதேன். சோறு போடுதது பாவம்னு எந்தப் புஸ்தகத்துல இருக்கு, காட்டுங்க.” சாமியார் காபியைக் குடித்துவிட்டு எழுந்து போனார்.

மழை தொடங்கின ஒரு மத்தியானம், சரிவிலிருந்து ஒருத்தி தனியாக இறங்கி வந்தாள். சாம்பல் நிறம், குட்டை, தோளில் ஒரு துணி மூட்டை. யாரிடமும் வழி கேட்கவில்லை, வாசனை பிடித்த மாதிரி நேரே கித்தேரி வீட்டுக்கு வந்து வாசலில் நின்றாள். உள்ளே இருந்தவன் பார்த்துவிட்டு எழுந்தான், எழுந்தவன் கித்தேரியைப் பார்த்து மறுபடி உட்கார்ந்தான்.

பெண்டாட்டி என்று யாரும் சொல்லித் தெரியவேண்டிய அவசியம் இல்லை. இவள் வருவாள் என்று கித்தேரி எத்தனை நாள் காத்திருந்தாள்! வாசலில் நின்று கெஞ்சட்டும், மண்ணில் விழுந்து புரளட்டும், கரையில் உட்கார்ந்து தன்னைப் போல விடிய விடியக் கடலைப் பார்க்கட்டும் என்று சொற்களைக்கூட எடுத்து வைத்திருந்தாள்.

வந்தவள் கெஞ்சவில்லை. ஐஸ் கம்பெனி உச்சிக்காரர்களிடம் முன்னமே எல்லாம் கேட்டுக்கொண்டுதான் வந்திருப்பாள் போல. காலைக் கழுவிவிட்டு உள்ளே வந்தாள், புருசனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள், கித்தேரியைப் பார்த்து, கற்றுக்கொண்டு வந்திருந்த ஒரே வார்த்தையைச் சொன்னாள்.

“பசிக்குது.”

“தின்னா நீயும் போக முடியாது,” என்றாள் கித்தேரி. “வெளங்குதா? நான் விடமாட்டேன்.”

அவன் பெண்டாட்டிக்கு அதை அவர்கள் பேச்சில் சொன்னான். வேண்டாம், போய்விடு என்றும் சொல்லியிருப்பான், குரல் அப்படி உடைந்தது. அவள் அவன் தட்டைத் தன் பக்கம் இழுத்து, ஒரு வாய் அள்ளித் தின்றாள்.

தின்றதோடு விட்டாளா? விளமீனை எடுத்து, முள்ளை ஒன்றொன்றாக நீக்கி, சதையை மட்டும் தட்டின் ஓரத்தில், அவன் கைப்பக்கமாகத் தள்ளினாள். அவன் அதைப் பார்க்காமலே எடுத்து வாயில் போட்டுக்கொண்டான், எத்தனையோ வருசப் பழக்கம். அவன் மேவாயில் ஒட்டின பருக்கையை அவள் விரலால் தட்டிவிட்டாள். அவன் என்னவோ சொன்னான், அவள் முறைத்தாள். இரண்டு பேரும் கித்தேரியை மறந்தேபோனார்கள்.

கித்தேரி அகப்பையோடு நின்றாள். பழிக்கென்று பிடித்து வைத்திருந்தது என்ன, இப்போது தன் வீட்டுக்குள்ளேயே, தன் புருசன் உட்கார்ந்த இடத்திலேயே நடந்துகொண்டிருப்பது என்ன என்று அவளுக்கு உறைத்தது. நாளைக்கும் இப்படித் தின்பார்கள். நாளை மறுநாளும். அவள் பரிமாறிக்கொண்டு நிற்கவேண்டும்.

“நட!” என்று கத்தினாள்.

ஊர் மொத்தத்துக்கும் கேட்டது. ரஞ்சிதம் ஈரக்கையோடு ஓடிவந்தாள், கஸ்பார் ஓடிவந்தான்.

“ரெண்டும் நடங்க! எந்திரி! எம் வீட்ட விட்டுப் போங்க! மன்னிச்சு விடுதேன்னு நெனைக்காத, நாசமாப் போவிய, எனக்குப் பாக்க முடியல, அதான் விடுதேன், போங்கலே!” என்று தட்டைத் தூக்கி முற்றத்தில் எறிந்தாள். அப்புறமும் நிறுத்தவில்லை. அவர்கள் தெருவில் இறங்கி நடந்தபோது பின்னாலேயே திட்டிக்கொண்டு போனாள், கோவிலைத் தாண்டி, ஐஸ் கம்பெனியைத் தாண்டி, கரை வரைக்கும் அவர்களுடைய ஏழு தலைமுறையையும் இழுத்து, நாக்கில் வந்ததையெல்லாம் சொல்லி மண்ணை அள்ளித் தூற்றினாள். ஊரே பின்னால் வந்தது, யாரும் அவளைத் தடுக்கவில்லை.

அவர்கள் திரும்பிப் பார்க்காமல் சரிவில் ஏறத் தொடங்கினார்கள். மழை பிடித்துக்கொண்டது. வீட்டுக்குள் உட்கார்ந்தே தின்று பெருத்த அவனுக்குக் கால் பழக்கம் விட்டுப்போயிருந்தது, நாலு எட்டு ஏறினவன் தடுமாறி முட்டியில் விழுந்தான்.

“ஏட்டி, அவன் கையப் பிடிச்சுக்க!” என்று கித்தேரி ஏலக் குரலில் கத்தினாள். “வழுக்கும்டீ!”

மேலே போனவள் திரும்பி, புருசன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கித்தேரி வலது கையால் தன் வாயிலேயே அடித்துக்கொண்டாள். அடிக்க அடிக்க அழுகை வந்தது, அடிப்பதை நிறுத்தாமல், அவர்கள் மேகத்துக்குள் போகிற வரைக்கும், ஒருவேளை மறுபடி வழுக்கிவிடுவார்களோ என்று பார்த்துக்கொண்டே நின்றாள்.